அப்பவே சொன்னவர் இழுத்துப் போன வீடு

நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். சொன்னது பலிக்காவிட்டால் மானம் போய்விடும் என்பதால் அவர்கள் அந்தத் தொழிலில் ரொம்ப நாள் தாக்குப்பிடிப்பதும் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. உடைவது உடைந்து, கொட்டுவது கொட்டி, மற்றவர்கள் துணியும் துடைப்பமுமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, ஒரு பெருமூச்சையும் விட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார்களே, அவர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார். உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அநேகமாக அவருக்குத்தான் பதவி உயர்வும் கிடைத்திருக்கும்.

இந்த இனத்தாரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பால் பொங்கும்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்பார், அணைக்க மாட்டார். பொங்கி வழிந்த பிறகு பேசுவார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒரே ஒரு முகத்தில் மட்டும் திருப்தி தெரியும். அது அவருடைய முகம். மழை வந்தால், மழை வராவிட்டால், சொந்தக்காரப் பையன் வேலையை விட்டால், அதே பையன் அதைவிட நல்ல வேலையில் சேர்ந்தால், எல்லாமே அவர் அப்போதே சொன்னதுதான். யாரிடம் சொன்னார்? எப்போது சொன்னார்? கேட்டுப் பாருங்கள். "நீ எங்க நான் சொல்றதக் காதுல வாங்குற" என்று அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

அப்படிப்பட்ட ஒருவர் தம் மனைவியோடு ஊர்சுற்றப் புறப்பட்ட கதை இது.

அவருக்குத் தொழிலும் அதற்குத் தோதாகவே அமைந்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிடும் சர்வேயர். நசுங்கிய கதவை விரலால் தட்டிப் பார்த்து, குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பக்கத்தில் அழாத குறையாக நிற்கும் சொந்தக்காரரிடம், "இந்த வளைவுல இந்த வேகத்துல வந்திருக்கவே கூடாது" என்பார். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். மனைவி பல் டாக்டர். பகல் முழுக்க, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களோடு அவளுக்குப் பொழுது போகும். மாலையில், வாயை மூட முடியாமல் பேசுகிறவரோடு. இரண்டு தரப்பாரிடமும் அவளுக்குப் பொறுமை உண்டு. முதல் தரப்பாருக்கு மரத்துப்போக ஊசி போடலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அப்போதுதான் டாக்டரம்மாவின் தம்பி, தன்னுடைய சின்ன டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து கொடுத்து, மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றான். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற வீடு. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, தலைமாட்டில் படிக்கிற விளக்கு, அப்புறம் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒரு நடைபாதை.

"அத்தான், நேரா போறது ஒண்ணும் பிரச்னை இல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பாத்துக்குங்க. ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் ஒடிக்கிறீங்களோ, டிரெய்லர் அதுக்கு எதிர்ப்பக்கம் போகும்."

"மாப்ள, டிரெய்லர் கவுந்த கேஸ் நான் எத்தனை பாத்திருப்பேன் தெரியுமா?"

"கவுந்ததுதான் அத்தான் பாத்திருப்பீங்க. கவுழாம போறத யாரும் உங்ககிட்ட கொண்டாந்து காட்ட மாட்டாங்கல்ல."

இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சில வாரங்கள் ராப்பகலாக வீடியோ பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக் காராகவும் தீப்பெட்டியை டிரெய்லராகவும் வைத்து, தண்ணீர் டம்ளருக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் பின்பக்கமாகச் செருகிக் காட்டினார். தீப்பெட்டி ஒரு தடவைகூட இடிக்கவில்லை. புறப்பட்ட அன்று காலை, குடியிருப்பு வாசலைத் தாண்டுவதற்குள் நிஜ டிரெய்லர் கீழ்வீட்டுக்காரரின் பூந்தொட்டி ஒன்றை இடித்துச் சாய்த்தது. அவர் இறங்கிப் பார்த்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. "தொட்டிய இங்க வைக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். கீழ்வீட்டுக்காரர் அந்த வீட்டுக்கு முந்தின வாரம்தான் குடிவந்திருந்தார்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு டாக்டரம்மாவுக்கு வகுப்பு ஆரம்பமானது. முன்னால் போகிற லாரிக்காரன் ஏன் தப்பு, பக்கத்தில் வருகிற பஸ்காரன் அதைவிட ஏன் தப்பு, இந்தப் பாலத்தைக் கட்டியவன் எங்கே கோட்டைவிட்டான், எல்லாம் வந்தது. கண்ணாடியைப் பற்றி ஒரு தனிப் பாடமே நடந்தது. "டிரெய்லர் கண்ணாடியில தெரிஞ்சா வண்டி கோணலா போகுதுன்னு அர்த்தம். நேரா ஓட்டறவனுக்கு டிரெய்லர் தெரியவே தெரியாது. புரியுதா?" நடுக்கண்ணாடியில் பார்க்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. டிரெய்லரில் பாரம் ஏறக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், மெத்தை, தலையணை, மடக்கு மேஜை எல்லாம் காரின் பின்சீட்டில் கூரைவரைக்கும் அடைந்திருந்தன. மதியம் ஆனபோது டாக்டரம்மா கழுத்து வலிக்கிறது என்று சொல்லி, அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு குழி பறித்துக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உண்மையில் வலித்தது கழுத்துதானா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

மலை ஏறுவதற்கு முன்னால் லாரிகள் ஓய்வெடுக்கிற பெரிய மைதானமும், அதை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க்கும் வந்தன. பங்க்கில் தூண்கள் நெருக்கமாக இருந்தன. டிரெய்லரோடு உள்ளே போனால் வெளியே வர ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். அவர் ஒரு கணம் யோசித்து, டிரெய்லரை மைதானத்திலேயே மரத்தடியில் கழற்றி நிறுத்திவிட்டு, காரை மட்டும் கொண்டுபோய்ப் பெட்ரோல் போட்டு வருவது என்று முடிவெடுத்தார். அந்தப் பயணத்தில் அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

கொக்கியைக் கழற்றும்போது பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வேடிக்கை பார்த்தார். வேடிக்கை பார்ப்பவரை நம் ஆள் சும்மா விடுவாரா? கொக்கியின் வரலாறு, கொக்கி கழன்றாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்கிற சங்கிலியின் அவசியம், சங்கிலி போடாததால் நாசமானவர்களின் கதை என்று அவர் உச்சத்தில் இருந்தபோது, டாக்டரம்மா போர்வைக் குழியிலிருந்து எழுந்து வந்து, "நான் டிரெய்லர்ல போய் கொஞ்சம் படுக்கறேன். நீங்க பெட்ரோல் போட்டுட்டு வாங்க" என்றாள்.

அவர் "ம்" என்றார்.

கல்யாணமான ஆண்கள் சொல்கிற இந்த "ம்" இருக்கிறதே, அது சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை, கேட்டதற்கான ஒப்புதலும் இல்லை. கதவை யாரோ தட்டினார்கள் என்பதற்கு உள்ளேயிருந்து வருகிற சத்தம். கதவு திறக்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

பெட்ரோல் போட்டார். போடுகிறவரிடம், வெளியே போகிற வழியை இப்படி நேராக நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாது, ஞாபகமறதிக்காரர்கள் அப்படியே போய்விடுவார்கள் என்று எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அந்த வழியாகவே வெளியே வந்து, நேராக நெடுஞ்சாலையில் ஏறி, மலையைப் பார்த்துப் போனார்.

பின்னால் டிரெய்லர் இல்லை. போர்வைக்குள் டாக்டரம்மா இல்லை. நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கார் பறந்தது. காலையிலிருந்து முக்கி முனகி வந்த அதே கார், மேட்டில் துள்ளி ஏறியது, வளைவில் வெண்ணெயாக வழுக்கித் திரும்பியது. அவருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. "பாத்தியா? டயர்ல காத்து சரியா வச்சா எப்படி இழுக்குது பாரு. நான் அப்பவே சொன்னேன்." பின்சீட்டிலிருந்து மறுப்பு வரவில்லை. "இப்ப கை பழகிடுச்சு. பின்னால ஒண்ணு வருதுன்னே தெரியல." அதற்கும் மறுப்பு இல்லை. கண்ணாடியைப் பார்த்தார். டிரெய்லரின் ஓரம்கூடத் தெரியவில்லை. இதைவிட நேராக ஒரு மனிதன் ஓட்ட முடியுமா?

மனைவி இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டது அவர் நினைவில் இதுவே முதல் தடவை. வாய்ப்பை வீணாக்க மனமில்லை. பழைய வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கூடத்துக்கு வாங்கிய சோபாவின் நிறம். ரயிலைத் தவறவிட்ட அந்தக் கோடைப் பயணம். மகளுக்கு எந்தப் படிப்பு என்கிற நெடுநாள் தகராறு. ஒவ்வொன்றையும் தம் பக்க நியாயத்தோடு விவரமாக எடுத்துச் சொல்லி, எதிர்த்தரப்பு பதில் சொல்ல அவகாசமும் கொடுத்து, பதில் வராததால் தமக்குச் சாதகமாகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டால் மனிதனுக்குப் பெருந்தன்மை வந்துவிடுகிறது. "சரி விடு. நான் எதையும் மனசுல வச்சுக்கல" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, குரல் தழைய, "உங்கிட்ட இப்படி மனசு விட்டுப் பேசி எவ்வளவு நாளாச்சு. அடிக்கடி இப்படி வரணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் லேசாகக் கலங்கிற்று. பொய் இல்லை. அந்தப் பெண்ணின்மேல் அவருக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. அவள் பேசாதபோது அது இன்னும் பொங்கி வந்தது, அவ்வளவுதான்.

ஏரிக்கரை முகாமின் வாசலில் ஒரு பெண் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஒரு கார், ஒரு டிரெய்லர், ரெண்டு பேர்னு போட்டிருக்கு."

"ஆமா."

அவள் காரின் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கார் வந்திருச்சு. மத்ததெல்லாம் எங்க சார்?"

அவர் இறங்கிப் பின்னால் போனார். கொக்கியின் உருண்டை வெயிலில் மினுங்கிற்று. அதைக் கையால் தடவிப் பார்த்தார், டிரெய்லர் சின்னதாகி அதில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதுபோல. பிறகு பின்கதவைத் திறந்து போர்வையை விலக்கினார். இரண்டு தலையணைகளும் மடக்கு மேஜையின் ஒரு காலும் இருந்தன. இவ்வளவு நேரம் சோபாவின் நிறத்தைப் பற்றித் தம்மோடு ஒத்துப்போனது யார் என்று அவருக்குப் புரிந்தது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். கியருக்குப் பக்கத்தில் சார்ஜில் இருந்த அவளுடைய போன் அடித்தது.

அவர் மூளை பழக்கதோஷத்தால் உடனே பழியைப் போட ஆள் தேடக் கிளம்பியது. பங்க்கை அப்படிக் கட்டியவன். பேச்சுக் கொடுத்த லாரிக்காரன். டிரெய்லரைக் கொடுத்த மச்சான். எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு, எல்லா வழியும் அவரிடமே கொண்டுவந்து விட்டதும், அவசரமாகக் காரைத் திருப்பினார். அவளிடம் போன் இல்லை, பணம் இல்லை, தெரிந்த முகம் ஒன்று இல்லை. லாரிகள் வந்து போகிற மைதானத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு, அவளிடமே மனசு விட்டுப் பேசிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

இறங்குகிற வழியில் காருக்குள் ஒரு வார்த்தை இல்லை. லாரி ஒன்று தப்பான பக்கத்தில் முந்திக்கொண்டு போயிற்று. அவர் எதுவும் சொல்லவில்லை. அழுதுகொண்டு நிற்பாளோ, யார் வண்டியிலாவது ஏறிப் போயிருப்பாளோ, யாராவது ஏதாவது என்று ஆரம்பித்த எண்ணத்தை முடிக்க முடியாமல் வேகத்தைக் கூட்டினார். என்ன திட்டினாலும் திட்டட்டும், ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டட்டும், அங்கே இருந்தால் போதும் என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் மட்டும் அவர் இந்த இனத்தைச் சேர்ந்தவராகவே இல்லை.

டிரெய்லர் மரத்தடியில் நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம். ஓட்டமும் நடையுமாகப் போய்க் கூட்டத்தை விலக்கினார்.

"சார், வரிசையில வாங்க" என்றார் ஒரு லாரி டிரைவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

டிரெய்லரின் படியில் ஒருவர் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டு விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா அவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கடைவாய்ப் பல்ல இனிமே வச்சுக்கிட்டிருக்காதீங்க. ஊருக்குப் போனதும் முதல் வேலையா எடுத்துருங்க. சரி, அடுத்து யாரு?" என்று நிமிர்ந்தவள் கணவரைப் பார்த்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து, அடுப்பில் காப்பி போட்டுக் குடித்து, நாலு பேருக்கு உபகாரமும் செய்த முகம்.

"பெட்ரோல் போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு."

"சரி. இவங்கள முடிச்சிட்டு வந்துடறேன். கொக்கிய மாட்டுங்க."

அவ்வளவுதான். மறுபடியும் மலை ஏறினார்கள். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கார் முக்கியது. அவர் காத்திருந்தார். வரும், இந்த வளைவில் வரும், அடுத்த மேட்டில் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அடி விழும் என்று காத்திருப்பதைவிட விழுந்துவிட்டால் தேவலை இல்லையா?

"நீ உள்ள படுக்கப் போறேன்னு எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்முன்னீங்க."

"அப்போ சொல்லேன்."

"என்னத்த?"

"நான் அப்பவே சொன்னேன்னு."

அவள் யோசித்துப் பார்த்தாள். "சொல்லி என்ன ஆகப்போகுது? திரும்பி வந்துட்டீங்கல்ல" என்றாள். அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தாம் எல்லோருக்கும் தாராளமாக வாரி வழங்கிவந்த ஒரு பொருளை, வலிய வந்து கையேந்தி நிற்கிறபோது, இந்தப் பெண் ஒரு பிடிகூடத் தர மாட்டேன் என்கிறாளே.

முகாமில் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது. ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். வாசலில் நின்ற பெண் உள்பட அக்கம்பக்கத்து முகாம்வாசிகள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர் ஜன்னலை இறக்கி, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "நீ எறங்கிப் பின்னால நின்னு சொல்லு. நீ சொல்றபடி கேக்கறேன்."

அவள் இறங்கினாள். வாழ்க்கையில் டிரெய்லருக்கு வழி சொன்னதே இல்லை என்றாலும், அழகாகச் சொன்னாள். "வாங்க. வாங்க. கொஞ்சம் லெஃப்ட். இன்னும் வாங்க." அவர் வந்தார். சொன்ன பக்கம் ஒடித்தார், சொன்ன இடத்தில் நிறுத்தினார், மறுபடி வந்தார். மரங்களைத் தாண்டியாயிற்று. அப்போதுதான் வலப்பக்கக் கண்ணாடியில், புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை. "வாங்க, வாங்க" என்றாள்.

அவருக்கு நன்றாகத் தெரிந்தது. குழாயும் தெரிந்தது, டிரெய்லரின் மூலையும் தெரிந்தது, இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதும் தொழில்முறையாகத் தெரிந்தது. வாய் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். இன்றைக்கு ஒருநாளாவது குறுக்கே பேசாமல் இருப்போம், அவள் சொன்னபடியே நடப்போம், அதுதானே பிராயச்சித்தம் என்று நினைத்தார். இல்லை, நடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அடிமனதில் ஓரமாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்ததா? அது அவருக்கே தெரியாது. கார் பின்னால் நகர்ந்தது.

குழாய் முறிந்த சத்தம் சின்னதுதான். தண்ணீர் மட்டும் டிரெய்லரின் கூரைக்கு மேல் எழும்பி, டாக்டரம்மாவின் தலையிலும், வேடிக்கை பார்த்தவர்களின் நாற்காலிகளிலும், பக்கத்துக் கூடாரத்தில் அடுக்கியிருந்த ரொட்டியிலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது. வாசல் பெண் ஓடிப்போய் எங்கோ ஒரு திருகைத் திருகி அடைத்தாள். அவர் இறங்கி வந்து, முறிந்த குழாயைப் பார்த்தபடி நின்றார். தலை சாயவில்லை. கை பின்னால் போகவில்லை. சொட்டச் சொட்ட நின்ற மனைவியிடம், ரொம்பப் பிரயாசைப்பட்டு, "பரவால்ல. உன்மேல தப்பில்ல" என்றார்.

அவள் முகத்தை வழித்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். வாயைப் பார்த்தே எந்தப் பல் சொத்தை என்று சொல்லிவிடுகிறவள்.

"குழாய நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"இடிக்கறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியேதான்."

"அத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் நனைந்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தக் குழாய யாராவது இடிக்கப் போறாங்கன்னு நான் வந்த அன்னிக்கே சொன்னேன்" என்று பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவர் துண்டு எடுத்துவர உள்ளே போனார்.

வாசகரே, இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் மைத்துனரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதை மூடிவைத்த கையோடு, பக்கத்தில் இருப்பவரிடம், "அந்தம்மாவ விட்டுட்டுத்தான் போவாருன்னு பெட்ரோல் பங்க்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லத்தானே வாயெடுக்கிறீர்கள்? அவ்வளவு தெரிந்தவர் அங்கேயே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பாவம், அந்த மனுஷர் மலையை இரண்டு தடவை ஏறியிருக்க வேண்டாம்.